பெயர் தெரியாத குழந்தை: ஒரு சின்ன வரலாறு (நீளமான த்ரெட்)

1/
கொஞ்சம் கனமான விஷயம். பொறுமையா படிங்க. மனசு சரியில்லாதவங்க இப்ப வேண்டாம், அப்புறம் படிச்சுக்கலாம்.

நான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துல ஒரு அரசு மருத்துவமனையில வேலை செஞ்ச டாக்டர். தடயவியல் நிபுணர் கிடையாது, வெறும் எம்பிபிஎஸ். ஆனா தாலுகா அளவுல போஸ்ட்மார்ட்டம் எங்களை மாதிரி ஆட்கள்தான் செய்யணும். காலையில ஓபி, மதியம் மார்ச்சுவரி. அப்படி ஒரு மதியம் வந்த குழந்தையைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

2/
சில வருஷம் முன்னாடி. ஏரியில மிதந்த ஒரு ஆண் குழந்தையை போலீஸ் கொண்டு வந்தாங்க. தண்ணியில ரெண்டு நாள் இருந்திருக்கலாம். அரை டவுசர், இடுப்புல கறுப்புக் கயிறு. சட்டை இல்லை.

ரிஜிஸ்டர்ல எழுதினேன்: "அடையாளம் தெரியாத ஆண் குழந்தை, வயது சுமார் 3 முதல் 4."

பெயர் எழுதற கட்டத்துல ஒரு கோடு. அந்தக் கோடு இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு.

3/
அந்தக் குழந்தையோட இடது தோள்பட்டைக்குக் கீழ ஒரு சின்ன தழும்பு. பிசிஜி ஊசி போட்ட தழும்பு. நம்ம நாட்டுல குழந்தை பிறந்ததும் போடற காசநோய் தடுப்பூசி.

அந்தத் தழும்புக்கு என்ன அர்த்தம் தெரியுமா? இந்தக் குழந்தை பிறந்தப்ப எங்கேயோ ஒரு நர்ஸ் இதைக் கையில வாங்கியிருக்காங்க. ஊசி போட்டுட்டு ஒரு நோட்டுல அம்மா பேரை எழுதியிருக்காங்க. அந்த வரி தமிழ்நாட்டுல இருக்கலாம், ஒடிசாவுல இருக்கலாம், பீகார்ல இருக்கலாம். இருக்கு. ஆனா தழும்புல இருந்து அந்த வரிக்குப் போக வழி கிடையாது.

4/
அன்னிக்கு ராத்திரி ஒரு கேள்வி மண்டையைக் குடைஞ்சது. பேர் தெரியாத ஒரு உடலுக்கு மனுஷங்க எப்படி பேர் கண்டுபிடிக்க ஆரம்பிச்சாங்க? பெரியவங்களுக்கு முடிஞ்சது குழந்தைகளுக்கு ஏன் முடியல? அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதைத்தான் கீழ எழுதறேன்.

5/
முதல்ல நம்ம மெட்ராஸ். 1849-லயே இங்க ரசாயனப் பரிசோதகர் துறை ஆரம்பிச்சாச்சு. விஷம், ரத்தக்கறை இதெல்லாம் பார்க்கறதுக்கு. இன்னிக்கு மயிலாப்பூர்ல இருக்கற தடய அறிவியல் துறைக்கு அதுதான் வேர். இந்தத் தொழில் நமக்குப் புதுசு இல்லை.

ஆள் அடையாளத்துல நம்ம ஊர் தாத்தா பாட்டிகளுக்கெல்லாம் தெரிஞ்ச வழக்கு ஒண்ணு இருக்கு. 1952, ஆளவந்தார் கொலை வழக்கு.

6/
போட் மெயில் ரயில்ல ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரை ஸ்டேஷன்ல நாத்தம் அடிக்குதுன்னு திறந்து பார்த்தா தலையில்லாத உடம்பு. தலை ராயபுரம் கடற்கரையில கிடைச்சது. ரெண்டையும் சேர்த்து இது ஒரே ஆள்னு காட்டினது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்.

அது ஆளவந்தார்தான்னு உறுதி செய்ய உதவினது எது? கைரேகை. அவர் முன்னாடி ராணுவத்துல வேலை பார்த்தவர், அங்க ரேகை எடுத்து வச்சிருந்தாங்க.

7/
இங்க ஒரு அடிப்படை விஷயத்தைப் பிடிச்சுக்குங்க. மீதிக் கதை முழுக்க இதுதான்.

அடையாளம் காண்றதுன்னா ஒப்பிட்டுப் பார்க்கறது. அதுக்கு ரெண்டு பக்கம் வேணும். ஒரு பக்கம் இறந்த உடல். இன்னொரு பக்கம் அந்த ஆள் உயிரோட இருந்தப்ப விட்டுப் போன பதிவு. ரேகை, எக்ஸ்ரே, பல் டாக்டர் சீட்டு, போட்டோ, ஏதாவது ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் வச்சுக்கிட்டு எவ்வளவு பெரிய லேப் இருந்தாலும் ஒண்ணும் நடக்காது.

8/
இப்ப எங்க ஏரியாவுக்கு வர்றேன். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். உலகத்துக்கே தெரிஞ்ச ராத்திரி.

அப்ப இங்க ஃபேக்டரிகள் இல்லை. ஹூண்டாய் வந்தது அதுக்கு அஞ்சாறு வருஷம் கழிச்சு. ராமானுஜர் பிறந்த ஊர், வயல், ஏரி, அவ்வளவுதான். குண்டு வெடிச்ச இடத்துல சிதறிக் கிடந்த உடல்கள்ல ஒரு பெண்ணோட தலையும் கை கால்களும் இருந்தது, நடு உடம்பு இல்லை. உரிமை கோரி யாரும் வரல.

9/
தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநரா இருந்த டாக்டர் பி. சந்திரசேகரன் அந்த இல்லாத நடு உடம்பைத்தான் முதல் தடயமா எடுத்துக்கிட்டார். குண்டு அவ பக்கத்துல வெடிக்கல, அவ உடம்புலயே கட்டியிருந்துச்சு. மனித வெடிகுண்டுன்னு அவர் வந்த முடிவுக்கு அதுதான் ஆதாரம்.

இன்னொரு பக்கத்துக்கான பதிவு எங்கிருந்து வந்தது? அதே இடத்துல செத்துப் போன ஹரிபாபுங்கற போட்டோகிராஃபரோட கேமரா. உள்ள இருந்த ஃபிலிம்ல 10 படம். அதுல ஒண்ணுல கையில மாலையோட அந்தப் பெண்.

10/
அந்தப் படத்துல அவளுக்குப் பக்கத்துல ஒரு அம்மாவும் சின்னப் பொண்ணும் நிக்கறாங்க. ராஜீவ் காந்தி முன்னாடி கவிதை சொல்றதுக்காக வந்த பொண்ணு. அம்மா, பொண்ணு ரெண்டு பேருமே அன்னிக்கு இறந்துட்டாங்க.

அந்தக் குழந்தையோட பேர் எல்லாருக்கும் தெரியும், எல்லாப் பதிவுலயும் இருக்கு. குண்டு வச்சிருந்தவளுக்கு? "தனு" இயக்கத்துல கூப்பிட்ட பேர். இயற்பெயர்னு ஒண்ணுக்கு மேற்பட்ட பேரை இன்னிக்கும் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதறாங்க. எப்படி செத்தாங்கறதைக் கண்டுபிடிக்கறது வேற, யாருங்கறதைக் கண்டுபிடிக்கறது வேற. நாட்டோட மொத்த பலமும் இறங்கின ஒரு வழக்குலயே இப்படின்னா, ஏரியில மிதந்த குழந்தைக்கு?

11/
சரி, டிஎன்ஏ வந்துடுச்சே, இனி என்ன பிரச்சினைன்னு கேட்பீங்க.

1984-ல இங்கிலாந்தோட லெஸ்டர்ல அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ ரேகையைக் கண்டுபிடிச்சார். அது முதல்ல உதவினது கொலை வழக்குக்கு இல்லை. 1985-ல கானா நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பையனை குடியேற்ற அதிகாரிகள் "இவன் இந்த அம்மாவோட பிள்ளைதானா"ன்னு சந்தேகப்பட்டாங்க. ஆமான்னு டிஎன்ஏ சொல்லுச்சு. பையன் அம்மாகிட்ட போய்ச் சேர்ந்தான்.

12/
நம்ம நாட்டுலயும் அப்படித்தான். ஹைதராபாத் சிசிஎம்பி நிறுவனத்துல லால்ஜி சிங் இந்தத் தொழில்நுட்பத்தை இங்கேயே உருவாக்கினார். 1989-ல கேரளா, தலச்சேரி கோர்ட்ல ஒரு குழந்தையோட அப்பா யார்ங்கற வழக்கு. இந்திய கோர்ட் டிஎன்ஏவை ஏத்துக்கிட்ட முதல் வழக்குன்னு இதைத்தான் சொல்வாங்க.

அதாவது இந்த விஞ்ஞானம் கோர்ட் படி ஏறினதே ஒரு குழந்தை யாரோடதுன்னு சொல்றதுக்காக. இதை நான் அடிக்கடி நினைச்சுப்பேன்.

13/
இது அழகா வேலை செஞ்ச ஒரு கதை நம்ம கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. இலங்கை, கிழக்கு மாகாணம், கல்முனை.

2004 டிசம்பர் 26, சுனாமி. இடிபாடுகளுக்கு நடுவுல சில மாதக் கைக்குழந்தை ஒண்ணு உயிரோட கிடைச்சது. கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. பேர் தெரியாது. அன்னிக்கு வந்தவங்கள்ல 81-வது ஆள். அதனால ரிஜிஸ்டர்ல பேருக்குப் பதிலா அந்த எண். உலகம் முழுக்க "பேபி 81"னு செய்தி ஓடுச்சு.

14/
ஒன்பது தம்பதிகள் "இது எங்க குழந்தை"ன்னு உரிமை கோர்றாங்கன்னு செய்தி பரவுச்சு. கேட்கவே பரிதாபமா இருக்கும். ஆனா முறைப்படி கோர்ட்டுக்குப் போனது ஒரே ஒரு தமிழ்த் தம்பதிதான். அவங்க வீட்டோட சேர்த்து போட்டோ, பதிவு எல்லாத்தையும் கடல் கொண்டு போயிடுச்சு. கையில காட்ட எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி குழந்தையைக் கொடுக்கல. ஒரு கட்டத்துல அவங்க ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்து எடுத்துட்டுப் போகப் பார்த்தாங்க. போலீஸ் கைது பண்ற அளவுக்குப் போச்சு.

15/
ஒரு டாக்டரா எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேலயும் கோபம் வராது, அந்த அம்மா அப்பா மேலயும் கோபம் வராது. தப்பான கையில குழந்தையைக் கொடுத்துட்டா திருப்பி வாங்க முடியாதுன்னு இவங்க பயந்தாங்க. தன் குழந்தையை எண்ணால கூப்பிடறதைப் பார்த்துட்டு அவங்களால சும்மா நிக்க முடியல.

கோர்ட் டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவு போட்டுச்சு. மூணு பேரையும் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 2005 பிப்ரவரி 14 ரிசல்ட்: அவங்க குழந்தைதான். 16-ந்தேதி கையில கொடுத்தாங்க. சுனாமி வந்து 52 நாள்.

16/
52 நாள்ல எப்படி முடிஞ்சது? குழந்தை உயிரோட இருந்தது. அம்மா அப்பா எதிர்லயே நின்னாங்க. ரெண்டு பக்கமும் இருந்தது.

ஒரு பக்கம் மட்டும் இருந்தா என்ன ஆகும்? அதுக்கு வெளிநாட்டுல நடந்த ரெண்டு கதை சொல்றேன். ரெண்டுலயும் எங்களை மாதிரி டாக்டர்களுக்குப் பாடம் இருக்கு.

17/
முதல் கதை, டைட்டானிக். 1912 ஏப்ரல். உடல்களை மீட்கப் போன கப்பல் மெக்கே-பென்னட். அவங்க எடுத்த நாலாவது உடல் ஒரு சின்ன ஆண் குழந்தை. உரிமை கோரி யாரும் வரல. அந்தக் கப்பல் மாலுமிகளே காசு போட்டு, கனடாவுல ஹாலிஃபாக்ஸ் நகரக் கல்லறையில "பெயர் தெரியாத குழந்தை"ன்னு கல் நட்டாங்க.

அப்ப செத்தவங்களோட துணிமணியை யாரும் எடுத்து விக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் எரிச்சாங்க. காவலுக்கு இருந்த போலீஸ் சார்ஜென்ட் நார்த்தோவருக்கு அந்தக் குழந்தையோட குட்டி ஷூவை எரிக்க மனசு வரல. எடுத்து வச்சுக்கிட்டார்.

18/
2001-ல கல்லறையைத் தோண்டினாங்க. மிஞ்சினது மூணு குட்டிப் பல்லும் 6 செ.மீ. எலும்புத் துண்டும். பல் வளர்ச்சியைப் பார்த்து ஒரு வயசு வாக்குல இருக்கும்னு கணிச்சாங்க. அம்மா வழியா வர்ற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் ஒத்துப் போக, 2002-ல அறிவிச்சாங்க: 13 மாத ஃபின்லாந்துக் குழந்தை ஈனோ பானுலா.

அதே வருஷம் நார்த்தோவரோட பேரன் அந்த ஷூவை மியூசியத்துக்குக் கொடுத்தார். ஷூவைப் பார்த்தவங்களுக்கு உறுத்துச்சு. 13 மாதக் குழந்தைக்கு இது பெரிய சைஸ் ஆச்சே?

19/
மறுபடியும் டிஎன்ஏ பார்த்தாங்க. முதல்ல பார்த்த பகுதியில ரெண்டு குழந்தைங்களுக்கும் ஒரே மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் நீளமா படிச்சப்பதான் வித்தியாசம் தெரிஞ்சது. 2007-ல திருத்தி அறிவிச்சாங்க. அது 19 மாத ஆங்கிலேயக் குழந்தை சிட்னி லெஸ்லி குட்வின். அம்மா, அப்பா, ஆறு பிள்ளைங்கன்னு எட்டு பேர் குடும்பம். ஒருத்தர் கூட பிழைக்கல. அதனாலதான் யாரும் தேடி வரல.

95 வருஷம் கழிச்சு லேப் செஞ்ச தப்பைத் திருத்த வச்சது, ஒரு போலீஸ்காரர் எரிக்காம வச்ச ஷூ.

20/
இதுல எனக்கான பாடம் ரெண்டு.

ஒண்ணு, குழந்தையோட வயசை நாங்க சொல்றது கணிப்புதான். பால் பல் ஆறு மாசத்துல முளைக்க ஆரம்பிச்சு ரெண்டரை வயசுக்குள்ள இருபதும் வந்துடும், ஆறு வயசுல முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்னு புத்தகம் சொல்லும். ஆனா குழந்தைக்குக் குழந்தை மாறும். சத்துக்குறைவான குழந்தையோட எலும்பும் உயரமும் நிஜ வயசைவிடக் கம்மியா காட்டும். நான் "3 முதல் 4"னு எழுதின பையனுக்கு அஞ்சு வயசே ஆகியிருக்கலாம். அப்ப அஞ்சு வயசுப் பையனைத் தேடற குடும்பம் என் சீட்டைப் பார்த்துட்டு "இது இல்லை"ன்னு தாண்டிப் போயிருக்கும்.

ரெண்டாவது, எதையும் தூக்கிப் போடாதே.

21/
அடுத்த கதை, அமெரிக்கா, ஃபிலடெல்ஃபியா. 1957 பிப்ரவரி. ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள அடிச்சுக் கொல்லப்பட்ட சின்னப் பையன். உடம்புல சத்தே இல்லை. தலைமுடியை யாரோ கன்னாபின்னான்னு வெட்டியிருந்தாங்க.

அந்த ஊர் போலீஸ் என்னதான் செய்யல? கேஸ் பில்லோட சேர்த்து அவன் படம் வீடு வீடா போச்சு. ரேகை, பாதத் தடம் எல்லாம் எடுத்தாங்க. எதுவும் பொருந்தல. "அமெரிக்காவின் பெயர் தெரியாத குழந்தை"ன்னே அவனைக் கூப்பிட்டாங்க.

22/
ஏன் கிடைக்கல? அவனைக் காணோம்னு யாருமே தேடல. இன்னொரு பக்கமே இல்லை.

1998-ல தோண்டி எடுத்து டிஎன்ஏ எடுத்தாங்க. ஒப்பிட ஆள் இல்லாம அப்படியே கிடந்துச்சு. 2019-ல மறுபடியும் தோண்டினாங்க. அதுக்குள்ள ஒரு மாற்றம் வந்திருந்தது. பூர்வீகம் தெரிஞ்சுக்கற ஆசையில லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் தாங்களாவே டிஎன்ஏ கொடுத்து வச்சிருந்தாங்க. அதுல தூரத்துச் சொந்தம் பொருந்துச்சு. அங்கிருந்து வம்ச மரத்தைப் பிடிச்சு ஏறி அம்மாவைக் கண்டுபிடிச்சு, பிறப்புச் சான்றிதழை எடுத்தாங்க. 2022 டிசம்பர்ல அறிவிச்சாங்க. பேர் ஜோசஃப் அகஸ்டஸ் ஸரெல்லி, பிறந்தது 1953 ஜனவரி 13.

65 வருஷம். கொன்னது யாருன்னு இன்னும் யாரும் கைதாகல. ஆனா கல்லுல பேர் இருக்கு.

23/
இப்ப நம்ம ஏரியாவுக்குத் திரும்பி வாங்க.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம். கார், பைக், செல்போன், டயர், கண்ணாடி, எல்லாம் இங்க தயாராகுது. வேலைக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம்ல இருந்து ஆளுங்க. தனி ஆளுங்க ஹாஸ்டல்ல. குடும்பத்தோட வர்றவங்க கட்டட வேலை நடக்கற இடத்துல தகர ஷெட்ல, செங்கல் சூளையில, ஏரிக்கரை ஓரமா வாடகை ரூம்ல.

தொழிலாளிக்கு கேட் பாஸ் இருக்கு, அதுல எண் இருக்கு. அவங்க கூட வந்த மூணு வயசுக் குழந்தைக்கு எந்தப் பாஸும் இல்லை.

24/
பேரிடர்ல செத்தவங்களை அடையாளம் காண இன்டர்போல் மூணு வழியைத்தான் முதன்மைன்னு சொல்லுது. ரேகை, பல், டிஎன்ஏ.

எங்க குழந்தைக்கு மூணையும் போட்டுப் பாருங்க.
ரேகை: அஞ்சு வயசுக்குக் கீழ எடுக்கற பால ஆதார்ல ரேகையும் இல்லை, கருவிழியும் இல்லை. அஞ்சு வயசுலதான் முதல்ல எடுப்பாங்க.
பல்: இந்தக் குழந்தை எந்தப் பல் டாக்டர்கிட்ட போயிருக்கும்?
டிஎன்ஏ: எடுக்கலாம். ஆனா யாரோட ஒப்பிடறது?

25/
இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. அடையாளம் தெரியாத உடல்களுக்கு டிஎன்ஏ எடுத்து, காணாமப் போனவங்க குடும்பத்தோட ஒப்பிடணும்னு லோக்நீதி அமைப்பு வழக்குப் போட்டது. சட்டம் வருதுன்னு அரசு சொல்ல, 2018-ல வழக்கு முடிஞ்சது.

சட்ட மசோதாவும் வந்தது. காணாமப் போனவங்களுக்கு ஒரு தொகுப்பு, அடையாளம் தெரியாத இறந்தவங்களுக்கு ஒரு தொகுப்பு, ரெண்டையும் ஒப்பிடலாம். 2019 ஜனவரில மக்களவையில நிறைவேறி, ஆட்சிக்காலம் முடிஞ்சதால காலாவதி ஆச்சு. அதே வருஷம் ஜூலையில மறுபடியும் கொண்டு வந்தாங்க. நிலைக்குழு பரிசீலிச்சது. 2023 ஜூலையில வாபஸ்.

26/
எதிர்ப்புல நியாயம் இருந்தது, அதையும் சொல்லணும். டிஎன்ஏவுல ரேகை மாதிரி ஆள் அடையாளம் மட்டும் இல்லை. நோய், குடும்பம், சாதி, சமூகம் வரைக்கும் தோண்ட முடியும். அதே தொகுப்புல குற்றவாளி, சந்தேக நபர்னு எல்லாரையும் போட்டா ஏழைகளும் சிறுபான்மையினரும்தான் அதிகம் மாட்டுவாங்கன்னு பயந்தாங்க. நானும் அந்தப் பயத்தோட உடன்படறேன்.

ஆனா ஒரு அம்மா தானா முன்வந்து "என் புள்ளையைத் தேடித் தாங்க"ன்னு கொடுக்கற ஒரு சொட்டு ரத்தத்தையும், போலீஸ் சந்தேகத்துல எடுக்கற ரத்தத்தையும் ஒரே மூட்டையா கட்டணுமா? முதலாவதுக்கு மட்டும் தனியா ஒரு சட்டம் போட முடியாதா? இதை விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

27/
இனி நான் சொல்லத் தயங்கின பகுதி.

அந்தக் குழந்தைக்கு நான் என்ன செஞ்சேன்? தண்ணியில மூழ்கினதான்னு பார்க்க டயட்டம் பரிசோதனைக்கு மார்பெலும்பு எடுத்து அனுப்பினேன். அந்தப் பரிசோதனையில எலும்பை ஆசிட்டுல கரைச்சுடுவாங்க. டிஎன்ஏவுக்குன்னு தனியா ஒரு பல்லோ எலும்போ எடுத்து வைக்கல. வந்த கோரிக்கைக் கடிதத்துல கேட்கல. எனக்கும் தோணல. அன்னிக்கு வெளிய இன்னும் ரெண்டு உடல் காத்திருந்தது, ரெண்டுமே ரோடு ஆக்சிடென்ட்.

28/
ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு, ஒரு ஏட்டு ஒரு தம்பதியைக் கூட்டிட்டு வந்தார். வடக்குல இருந்து சூளை வேலைக்கு வந்தவங்க. பையனைக் காணோம். எங்கெங்கயோ அலைஞ்சுட்டு கடைசியா இங்க.

போலீஸ் எடுத்த போட்டோவைக் காட்டினோம். ரெண்டு நாள் தண்ணியில ஊறின முகம். எந்த அம்மாவாலயும் அதைப் பார்த்து ஆமாம்னோ இல்லைன்னோ சொல்ல முடியாது. அப்பா முகத்தைத் திருப்பிக்கிட்டார். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துட்டு ஹிந்தில ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"டாக்டர் சாப், காது குத்தியிருந்துச்சா?"

29/
ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். காது, மூக்கு, வாய்ங்கற இடத்துல நான் எழுதினது: "காயம் எதுவும் இல்லை."

அவ்வளவுதான். காது குத்தியிருந்ததா இல்லையான்னு அதுல இல்லை. என் ஞாபகத்துலயும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பல் கூட நான் எடுத்து வைக்கல.

"தெரியலம்மா"ன்னேன். ஏட்டு மொழிபெயர்த்தார். அவங்க அழல. தலையை ஆட்டிட்டு எழுந்தாங்க. அது அவங்க பையனா இருந்தா, செத்துட்டான்னு தெரியாமலே தேடிட்டு இருப்பாங்க. இல்லைன்னா, ஒருவேளை அவன்தானோங்கற சந்தேகத்தோடவே தேடிட்டு இருப்பாங்க. ரெண்டுல எதுன்னு சொல்ல வேண்டிய ஆள் நான். என்னால சொல்ல முடியல.

30/
நார்த்தோவர் டாக்டர் இல்லை. விஞ்ஞானி இல்லை. 1912-ல டிஎன்ஏன்னா என்னன்னே யாருக்கும் தெரியாது. அவர் செஞ்சது, ஒரு ஜோடி ஷூவை எரிக்காம வச்சது மட்டும்தான். ஹரிபாபுவோட கேமராவும் அப்படித்தான், யாரோ பத்திரமா எடுத்து வச்சதால ஆதாரம் ஆச்சு.

பதிவு பண்ணும்போது அது எதுக்கு உதவும்னு நமக்குத் தெரியாது. அதனாலதான் எல்லாத்தையும் பதிவு பண்ணணும்.

31/
இப்ப நான் மாத்திக்கிட்டது. பேர் தெரியாத எந்த உடல் வந்தாலும், கடிதத்துல கேட்டாலும் கேட்கலைன்னாலும், டிஎன்ஏவுக்கு எலும்பும் பல்லும் தனியா எடுத்து, எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுக்கறேன். காது குத்தினது, அரைஞாண் கயிறோட நிறமும் முடிச்சும், தழும்பு, மச்சம், பச்சை, சட்டையில தையல்காரர் பட்டி, செருப்பு சைஸ், எல்லாம் எழுதறேன். "இல்லை"ன்னா எது இல்லைன்னு எழுதறேன். வயசை ரெண்டு பக்கமும் தாராளமா விட்டு எழுதறேன். அதிகமா போனா இருபது நிமிஷம் ஆகும்.

இதைப் படிக்கற ஜூனியர் டாக்டர்களே, பரீட்சையில பத்து மார்க்குக்குப் படிச்ச பாடம்தான். ஒரு நாள் ஒரு அம்மா எதிர்ல வந்து நிப்பாங்க.

32/
பொதுமக்களுக்கு.

குழந்தையைக் காணோம்னா 24 மணி நேரம் காத்திருக்கணும்னு சட்டம் எதுவும் இல்லை. உடனே போங்க. குழந்தை காணோம்னு புகார் வந்தா எஃப்ஐஆர் போடணும்னு 2013-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

குழந்தையோட தடுப்பூசி அட்டையைப் பத்திரமா வைங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை முகம் நேரா தெரியற மாதிரி போட்டோ எடுங்க. சிரிக்கற போட்டோ எடுங்க, பல் தெரியும். மச்சம், தழும்பு எங்க இருக்குன்னு அட்டைக்குப் பின்னாடி எழுதி வைங்க.

33/
எங்க ஏரியா காண்ட்ராக்டர்கள், சூளை உரிமையாளர்கள், வீட்டு ஓனர்கள் யாராவது படிச்சா: வேலையாளோட ஆதார் நகல் வாங்கறீங்க. கூட எத்தனை குழந்தைங்க, பேர் என்ன, வயசு என்னன்னு அதே தாள்ல ரெண்டு வரி எழுதி வாங்குங்க. அந்தக் குழந்தைங்களை அங்கன்வாடிக்கு அனுப்புங்க. அங்க ஒரு நோட்டுல பேர் ஏறும். பள்ளம் தோண்டினா வேலி போடுங்க. ஏரிக்கரையில ஷெட் போட்டா குழந்தைங்களைப் பார்த்துக்க ஒரு ஆள் வைங்க. அடையாளம் காண்றதைவிட அது முக்கியம்.

34/
கடைசியா.

அந்தத் தம்பதி போனப்ப அவங்க ஃபோன் நம்பரையும், பையனோட பேரையும், அவனுக்கு எந்தக் காதுல குத்தியிருந்ததுங்கறதையும் எழுதி வாங்கிக்கிட்டேன். அந்தத் தாள் என் டைரியில இருக்கு. அந்தப் பையன் பேரை இங்க எழுத மாட்டேன். அவன் உயிரோட எங்கேயோ இருக்கலாம், வளர்ந்திருக்கலாம்.

ரிஜிஸ்டர்ல இருக்கற கோடும், டைரியில இருக்கற பேரும் ஒரே குழந்தையான்னு எனக்குத் தெரியாது. ஒரு பல்லை எடுத்து வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

இந்த த்ரெட்டை உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர், போலீஸ், அங்கன்வாடி ஊழியர் யாருக்காவது அனுப்புங்க. அது போதும்.